கடிதத் தொழிலும் கடையம் சாலையும்

தென்காசியிலிருந்து கடையம் நோக்கிச் செல்லும் சாலையில், மேற்கே மலைத்தொடரின் நீலம் விடாமல் கூடவே வர, கிழக்கே கிணற்றுப் பாசன வயல்களும் பனைகளும் மாறிமாறித் தோன்ற, பேருந்து நின்று நின்று போகும் சிற்றூர்களுள் ஒன்றில், மாட்டுத் தொழுவத்தை அடுத்த மாடி அறையொன்றில் உட்கார்ந்துகொண்டு, தாம் ஒருமுறையேனும் நேரில் கண்டிராத மனிதர்களுக்காக மென்பொருள் எழுதிவரும் இளைஞர் ஒருவர் எனக்குப் பழக்கமானவர். 2020 மார்ச்சு 25ஆம் தேதி நாடு முழுவதும் ஊரடங்கு அமலுக்கு வருவதற்குச் சில தினங்கள் முன்னதாக, சென்னையில் பழைய மகாபலிபுரம் சாலையை ஒட்டிய விடுதி அறையைப் பூட்டிக்கொண்டு, மூன்று வாரத்துக்குப் போதுமான துணிமணிகளோடு ஊர் வந்து சேர்ந்தவர் அவர். அந்தப் பூட்டைத் திறக்க அவர் திரும்பிப் போனது அடுத்த வருஷத்தில். அதுவும் மிச்சமிருந்த சாமான்களை எடுத்துவருவதற்காக. அதற்குப் பிறகு அவரைப் பார்த்தும், அவரைப் போன்ற சிலரோடு சம்பாஷித்தும், இந்தத் தொழில் கிராமத்தில் எதைக் கொண்டு நிற்கிறது, எதில் இடறுகிறது என்பதைப் பற்றி எனக்கு உண்டான அபிப்பிராயங்களைச் சொல்ல முற்படுகிறேன்.

பட்டணத்து நண்பர்கள் இந்த வாழ்க்கையைப் பற்றிப் பேசும்போது முதலில் சொல்லுவது அமைதி என்னும் சொல்லைத்தான். திருநெல்வேலிச் சீமையின் கிராமம் ஒன்றில் கொடை விழா நாளில் இராத் தங்கியவர்கள் அப்படிச் சொல்லமாட்டார்கள். தென்னை மரத்தில் கட்டிய குழாய் ஒலிபெருக்கி விடிவதற்கு முன்னே பாடத் தொடங்கினால், நையாண்டி மேளமும் வில்லுப்பாட்டும் அதைத் தொடர்ந்து, மறுநாள் மதியம் பொங்கல் பானை இறங்கும் வரையில் ஓய்வது கிடையாது. துஷ்டி வீட்டுக் கொட்டும், சடங்கு வீட்டு ரேடியோவும், மின்சாரம் வந்த க்ஷணத்தில் உறுமி எழும் பம்புசெட்டும் இந்தக் கணக்கில் சேராதவை. என் இளைய நண்பர் அலுவலகக் கூட்டங்களில் பேசி முடித்த மறுகணமே ஒலிவாங்கியை அடைத்துவிடுவதை அனிச்சைச் செயலாகவே பழகிக்கொண்டிருக்கிறார். ஒருநாள் அடைக்க மறந்ததில், வரவுசெலவு மென்பொருள் பற்றிய ஆலோசனையின் நடுவே சுடலைமாடன் வரலாறு ஒரு நிமிஷம் கடல் கடந்து கேட்டதாகச் சொல்லிச் சிரித்தார்.

இந்தச் சங்கடம் புதிதன்று. வீட்டிலிருந்து நிரல் எழுதும் தொழில் பிறந்த அன்றைக்கே கூடப் பிறந்தது. 1939இல் ஐந்து வயதுக் குழந்தையாக, நாஜிகளின் கைக்குத் தப்பி அகதியாக இங்கிலாந்து வந்து சேர்ந்த ஸ்டெபனி ஷெர்லி என்னும் பெண்மணி, 1962இல் ஆறு பவுன் மூலதனத்தைக் கொண்டு, பக்கிங்ஹாம்ஷயரில் செஷாம் பட்டணத்தை அடுத்த தம் வீட்டிலேயே 'ஃப்ரீலான்ஸ் புரோகிராமர்ஸ்' என்ற ஸ்தாபனத்தைத் தொடங்கினார். கலியாணத்தாலும் பிள்ளைப்பேற்றாலும் உத்தியோகத்தை விட்டு வீட்டோடு இருந்த கணிதம் படித்த பெண்களே அவருடைய பணியாளர்கள். முதல் 300 பேரில் 297 பேர் பெண்கள். அவர்களில் ஒருவர் வீட்டிலும் கணினி கிடையாது. சாப்பாட்டு மேஜையில் பென்சிலும் தாளும் வைத்து நிரலை எழுதி, தபாலில் சேர்த்துவிட்டால், கணினி இருக்கிற இடத்தில் அது அட்டைகளில் துளையிடப்பட்டு ஓட்டிப் பார்க்கப்படும். கான்கார்டு விமானத்தின் கறுப்புப் பெட்டி சம்பந்தமான நிரல் இவ்விதமாக எழுதப்பட்டது என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும். பெண் பெயரில் போன கடிதங்களுக்குப் பதில் வராததைக் கண்டு அந்த அம்மாள் 'ஸ்டீவ்' என்று கையெழுத்திடத் தொடங்கியதும், தொலைபேசியில் வாடிக்கையாளர் பேசும்போது குழந்தையின் அழுகை வெளியே கேட்காதிருக்கத் தட்டச்சு ஓசையை நாடாவில் பதிந்து பின்னணியில் ஓடவிட்டதும் அவரே பிற்காலத்தில் சொல்லிய விஷயங்கள். ஆணென்று நம்பவைக்க ஒரு கையெழுத்தும், அலுவலகமென்று நம்பவைக்க ஒரு நாடாவும் அன்று தேவைப்பட்டன. இன்று நம் இளைஞர்கள் காணொலிக் கூட்டங்களில் தங்களுக்குப் பின்னே பொய்யான புத்தக அலமாரிப் படத்தை ஒட்டவைத்துக்கொள்வது அந்த நாடாவின் வம்சந்தான்.

ஆகவே இணையக் கம்பி வந்த பிறகே இத்தொழில் வீட்டுக்கு வந்தது என்று எண்ணுவது சரித்திரத்தைத் தலைகீழாகப் பிடிப்பதாகும். ஆதியில் அது தபால்காரரை நம்பி நடந்த தொழில். எழுதியவரும், ஓட்டிப் பார்த்தவரும், பயன்படுத்தியவரும் வேறு வேறு இடங்களில் இருந்தார்கள். அவர்களை இணைத்தது எழுத்து ஒன்றே. கிராமத்தில் இன்று இத்தொழில் நிலைக்கிறதா இல்லையா என்பதும், கம்பியின் வேகத்தைக் காட்டிலும், அந்த ஆதிகாலத்து எழுத்துப் பழக்கம் ஒரு ஸ்தாபனத்தில் எவ்வளவு மிச்சமிருக்கிறது என்பதைப் பொறுத்ததாகவே எனக்குத் தோன்றுகிறது.

கம்பியை அலட்சியப்படுத்துவதாகக் கொள்ள வேண்டாம். கண்ணாடி இழைக்குள் ஒளி வினாடிக்கு ஏறக்குறைய இரண்டு லட்சம் கிலோமீட்டர் போகிறது. இந்த ஊருக்கும் சென்னைக்கும் இடையிலான அறுநூற்றுச் சொச்சம் கிலோமீட்டரைக் கடக்க அதற்கு ஒரு வினாடியில் ஆயிரத்தில் மூன்று பங்கு போதும். அமெரிக்காவின் கீழ்க்கரையில் இருக்கும் கணினிக்குப் போய்த் திரும்புவதற்கோ இருநூறு பங்குக்கு மேல் ஆகும். கடல் எல்லாருக்கும் பொது. சென்னையில் இருப்பவருக்கும் அதே கடல்தான். கிராமத்தான் கூடுதலாகச் செலுத்தும் காலம், அந்தக் கணக்கில், கடுகளவு.

கஷ்டம் வேகத்தில் இல்லை, அறுந்துபோவதில் இருக்கிறது. மின்சாரத்தையே எடுத்துக்கொள்ளலாம். மாதத்துக்கு ஒருநாள் துணைமின் நிலையப் பராமரிப்பு என்று காலை முதல் பிற்பகல் வரையில் மின்சாரம் நிற்கும் என்பது தினசரிகளில் முன்கூட்டியே வந்துவிடுகிற செய்தி. ஆடிக் காற்றில் முருங்கைக் கிளை முறிந்து கம்பியில் விழுவது எதிலும் வராது. 12 வோல்ட்டில் 150 ஆம்பியர்-மணி கொள்ளும் இன்வெர்ட்டர் மின்கலம் ஒன்று, காகிதக் கணக்கில், 1,800 வாட்-மணி மின்சாரத்தைச் சேர்த்து வைக்கிறது. மடிக்கணினிக்கு 60, மின்விசிறிக்கு 60, மோடத்துக்கு 10 என்று வைத்துக்கொண்டால், நஷ்டங்களைக் கழித்தாலும், எட்டு மணி நேரம் தாராளமாக ஓடும். ஆனால் ஊர்க் கேபிள்காரர் தம் கடையின் மூலையில் வைத்திருக்கும் இணைப்புக் கருவிக்கும் மின்கலம் ஒன்று உண்டல்லவா? அது நாலு வருஷப் பழசு. வீட்டில் விளக்கெரிய, விசிறி சுழல, கணினி முழுச் சக்தியோடு விழித்திருக்க, மோடத்தின் செவ்விளக்கு மட்டும் கண்சிமிட்டுவதன் ரகசியம் அந்தக் கடை மூலையில் இருக்கிறது. இதைக் கண்டுபிடித்த என் நண்பர் கேபிள்காரருக்குப் புது மின்கலம் ஒன்றில் பாதி விலையைத் தாமே கொடுத்தார். தெருவில் தொடர்கதை பார்க்கும் பெண்களெல்லாம் அதனால் க்ஷேமம் அடைந்தார்கள் என்பது கிளைக்கதை.

சென்ற ஆண்டில் ஒருநாள் நான் அவர் வீட்டில் இருந்தபோது, குடிநீர்க் குழாய் பதிக்க வந்த ஜேசிபி இயந்திரம், பஞ்சாயத்துச் சாலையின் ஓரத்தில் ஒருமுழ ஆழங்கூட இல்லாமல் புதைக்கப்பட்டிருந்த இழையை மண்ணோடு சேர்த்து அள்ளிவிட்டது. காலை பதினொன்றரை இருக்கும். பட்டணத்து அலுவலகமாயிருந்தால் எல்லாரும் எழுந்து தேநீருக்குப் போயிருப்பார்கள். இவரோ செவ்விளக்கை ஒருதரம் பார்த்துவிட்டு, கைப்பேசியில் "இழை போயிற்று, சாயங்காலம் அனுப்புகிறேன்" என்று குறுஞ்செய்தி ஒன்றை விட்டுவிட்டு, மறுபடியும் வேலையில் ஆழ்ந்தார். காரணம் கேட்டதற்கு, கிட் என்னும் ஏற்பாட்டை விளக்கினார். லினக்ஸ் இயங்குதளத்தை ஆக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ், அதுவரை உபயோகித்துவந்த வேறொரு நிறுவனத்தின் மென்பொருளை மேலும் இலவசமாகப் பயன்படுத்த முடியாத நெருக்கடியில், 2005 ஏப்ரலில் எழுதத் தொடங்கியது அது. பல தேசங்களில் சிதறிக் கிடந்து மின்னஞ்சலில் திருத்தங்களை அனுப்பிக்கொண்டிருந்தவர்களுக்காகப் பிறந்ததாகையால், ஒவ்வொருவர் கணினியிலும் நிரல் மட்டுமன்றி அதன் முழுச் சரித்திரமும் பிரதியாக இருக்கும். யார், என்று, எந்த வரியை, என்ன காரணத்தால் மாற்றினார் என்பதைப் பார்க்க வெளியே ஒருவரையும் கேட்க வேண்டியதில்லை.

மாலை நாலு மணிக்குக் கேபிள்காரர் வந்தார். புளியமரத்து நிழலில், அறுந்த இரண்டு நுனிகளையும் தோலுரித்து, தலைமயிரைப் போலத் தோன்றிய கண்ணாடியைச் சாராயத் துணியால் துடைத்து, நுனி நேராக வெட்டுப்பட அதற்கென்று உள்ள கருவியில் வைத்து அழுத்தி, தம் மோட்டார் சைக்கிள் இருக்கைமேல் வைத்த சிறு பெட்டியில் இரண்டையும் எதிரெதிரே கிடத்தினார். பெட்டியின் திரையில் இரு நுனிகளும் தூண்களைப் போலப் பெரிதாகத் தெரிந்தன, தாமாகவே நகர்ந்து நேர்கொண்டன, ஒரு பொறி, தூண் ஒன்றாயிற்று. "பாத்தேளா அண்ணாச்சி, ஒட்டுன எடமே தெரியல" என்றார் அவர். மாடியில் செவ்விளக்கு அணைந்து பச்சை எரிந்ததும், என் நண்பர் அன்று பகலெல்லாம் சேர்த்துவைத்திருந்த எட்டுத் திருத்தங்களும் மூன்று வினாடிக்குள் போய்ச் சேர்ந்தன. எட்டும் சேர்ந்து ஒரு புகைப்படத்தின் அளவுகூட வராது. எழுத்து என்பது அவ்வளவு இலேசான சரக்கு. கனமானவை காணொலிக் கூட்டங்களும், பிறர் எழுதிய நிரற்கட்டுகளை நூற்றுக்கணக்கான மெகாபைட்டாக இறக்கிக்கொள்ளும் வழக்கமுமே.

ஆனால் நிரல் மட்டும் போய்ச் சேர்ந்தால் வேலை நடந்ததாகாது. அவருடைய நிறுவனத்தில் உடன் பணிபுரியும் சிலர் அமெரிக்காவின் கீழ்க்கரையில் இருக்கிறார்கள். அவர்கள் கடிகாரம் நமக்குக் கோடையில் ஒன்பதரை மணியும் குளிர்காலத்தில் பத்தரை மணியும் பின்தங்கியது. இவர் தூங்கப் போகையில் அவர்களுக்கு உச்சிவேளை. இவர் எழுதியதில் தெளிவில்லாமல் அவர்கள் ஒரு கேள்வி கேட்டுவிட்டால், பதில் போய்ச் சேர ஒருநாள். அந்தப் பதிலிலும் குறையிருந்தால் இரண்டு நாள். கேள்விக்கு ஒருநாள் என்ற இந்த விலைவாசிதான் அவரைக் கடிதம் எழுதப் பழக்கியது.

ஓர் உதாரணத்தை அவர் எனக்குக் காட்டினார். ஏப்ரல் 1ஆம் தேதியிட்ட விலைப்பட்டியல் ஒன்று, சேமித்துத் திறந்து பார்த்தால், மார்ச்சு 31 என்று காட்டியது. ஒருநாள் பிசகுதானே என்று பிற தேசத்தார் நினைக்கலாம். நம் நாட்டிலோ ஏப்ரல் 1 புது நிதியாண்டின் பிறப்பு, அந்த ஒருநாள் பிசகால் பட்டியல் போன வருஷக் கணக்கில் போய் உட்கார்ந்துவிடும். அவர் எழுதிய குறிப்பு பன்னிரண்டே வரி. இன்ன தேதியை இட்டேன், இன்னது வரவேண்டும், இன்னது வந்தது என்று மூன்று வரி. அடுத்து, நிரலானது வெறும் தேதியை நள்ளிரவு என்ற நேரமாகப் பாவித்து உலகப் பொது நேரத்துக்கு மாற்றிச் சேமிக்கிறது என்பதும், இந்திய நேரம் பொது நேரத்துக்கு ஐந்தரை மணி முந்தியதாகையால் நம் நள்ளிரவு அங்கே முந்தின நாள் மாலை 6.30 ஆகிறது என்பதும். பின்னும் ஒரு வரி: "உங்கள் ஊரில் இதைச் சோதித்தால் பிழை தென்படாது, உங்கள் நள்ளிரவு பொது நேரத்தில் அதே தேதியின் விடியற்காலையாக விழுவதால்." அந்தக் கடைசி வரிக்காகவே அவரை நான் மெச்சினேன். படிப்பவர் தம் இருக்கையில் இருந்துகொண்டு என்ன செய்வார், என்ன காண்பார், எந்த இடத்தில் "இங்கே சரியாக இருக்கிறதே" என்று கடிதத்தை மடித்து வைத்துவிடுவார் என்பதை முன்னதாகவே ஊகித்து, அந்த வழியை அடைத்துவிடுகிறது அது. அடுத்த மேஜையில் இருப்பவரிடம் "இங்கே வந்து பாருங்களேன்" என்று சொல்லிப் பழகியவர்களுக்கு இந்த வித்தை சுலபத்தில் வருவதில்லை.

நம் சீமைக்கு இது அந்நியமான பழக்கமுமன்று. கோவில்பட்டிக்கு அருகே இடைசெவலில் சம்சாரியாக இருந்த கி. ராஜநாராயணனும், அதே ஊரில் பிறந்து சென்னைக்கும், 1950களில் மலேயாவுக்கும் பத்திரிகைத் தொழில் நிமித்தமாகப் போன கு. அழகிரிசாமியும் இலக்கியத்தில் உடனுழைத்தது பெரும்பாலும் கடிதங்களின் வழியாகத்தான். குற்றாலத்தில் வாழ்ந்து 1954இல் மறைந்த ரசிகமணி டி.கே.சி., கவிதை பற்றித் தாம் கண்டவற்றையெல்லாம் நண்பர்களுக்குக் கடிதமாகவே எழுதித் தள்ளினார். அவற்றுக்காகத் தலைநகரம் குற்றாலத்தை நோக்கியிருந்தது. ஊரில் இருந்துகொண்டு உலகத்தோடு வேலை செய்கிறவன் கடிதக்காரனாக இருந்தே தீர வேண்டியிருக்கிறது.

ஊர் அவரை எப்படிப் பார்க்கிறது என்பது தனிக் கதை. கண்ணுக்குத் தெரிய உடம்பு அசையாத ஒன்றை வேலை என்று ஒப்புக்கொள்ளக் கிராமத்துக்கு மனம் வருவதில்லை. "சும்மா வீட்லதான இருக்கெ, ஒரு எட்டு சொசைட்டி வரைக்கும் போய் வாயேன்யா" என்று மாடிப்படியின் கீழே நின்று ஆச்சி கூப்பிட்டால், வாரம் முழுவதும் யோசித்துக் கட்டிய சிந்தனைக் கோபுரம் ஒன்று சரிகிறது. சம்பளம் சென்னையில் வாங்கிய அதே சம்பளம். வாடகையில்லாததால் மிஞ்சுவது அதிகம். எனினும் பெண் பார்க்கப் போன இடத்தில் பெண்ணின் தாய்மாமன், குரலைத் தாழ்த்திக்கொண்டு, "பையனுக்கு மெட்ராஸ்ல வேலை போயிட்டோ?" என்று தரகரைக் கேட்டாராம். மற்றொரு பக்கம், பட்டா மாறுதலுக்கும், கல்வி உதவித்தொகைக்கும், முதியோர் ஓய்வூதியத்துக்கும் இணையத்தில் விண்ணப்பம் போட இந்த மாடிப்படியில்தான் ஜனங்கள் காத்திருக்கிறார்கள். முன்னாளில் தபாலாபீஸ் திண்ணையில் உட்கார்ந்து ஊராருக்கு மணியார்டர் பாரமும் கடிதமும் எழுதிக் கொடுத்தவரின் ஸ்தானம், யாரும் நியமிக்காமலே, அவருக்கு வந்து சேர்ந்திருக்கிறது.

கிராமத்துக்குக் கணினியைக் கொண்டுவரும் பிரயத்தனங்கள் நம் பக்கத்தில் புதியவை அல்ல. 1998இல் புதுச்சேரியின் வில்லியனூரை மையமாகக் கொண்டு எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் தகவல் மையங்களை அமைத்தது. அமெரிக்கக் கடற்படை வெளியிடும் அலை உயரக் கணிப்பைப் பார்த்து வீராம்பட்டினத்து மீனவர்களுக்கு ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். 2001இல் மதுரை மாவட்டம் மேலூர்ப் பகுதியில், சென்னை ஐஐடியில் உருவான கார்டெக்ட் என்னும் கம்பியில்லா முறையில், வினாடிக்கு 35 அல்லது 70 கிலோபிட் வேகத்தில் கிராமங்களுக்கு இணையம் வந்தது. உயர்ந்த முயற்சிகள்தாம். எனினும் அவற்றில் கிராமத்தான் தகவலைப் பெறுகிறவனாகவே கருதப்பட்டான். அவனும் மென்பொருளை ஆக்கி அனுப்பக்கூடியவன் என்ற எண்ணம் திட்டங்களில் இடம்பெறவில்லை. அந்த எண்ணத்தைத் தென்காசி வட்டாரத்தில் பிரத்தியட்சமாக்கியது ஸோஹோ நிறுவனம். 2011இல் இங்கே சிலரோடு அலுவலகம் தொடங்கி, மத்தளம்பாறையில் நிலைகொண்டு, தன் முக்கியமான மென்பொருள்களில் ஒன்றான ஸோஹோ டெஸ்க்கைப் பெரும்பாலும் இந்த மலையடிவாரத்திலேயே ஆக்கிக் காட்டியது. அதன் ஸ்தாபகர்களுள் ஒருவரான ஸ்ரீதர் வேம்புவும் 2019 முதல் இப்பகுதியிலேயே வசிக்கிறார்.

இங்கே கவனிக்க வேண்டியது, அவர்கள் கிராமத்துக்குக் கொண்டுவந்தது வீட்டு வேலையை அன்று, அலுவலகத்தை. 1973இல் தொலைவேலை என்ற கருத்துக்குப் பெயரிட்ட அமெரிக்கர் ஜாக் நில்ஸும், ஊழியரை வீட்டில் உட்கார்த்துவதைவிட, அவர்கள் குடியிருப்புக்கு அருகே கிளை அலுவலகங்களைப் பரப்புவதையே முதலில் யோசித்தார். 2024இல் விழுப்புரத்திலும் தஞ்சாவூரிலும் சேலத்திலும் அரசு சிறு டைடல் பூங்காக்களைத் திறந்ததும் இந்த வழியில்தான். தொழில் தெரிந்தவனுக்குக் கடிதம் போதும். தொழில் கற்பவனுக்குக் கடிதம் போதாது என்பதே இதற்குக் காரணமென்று நினைக்கிறேன். கடையத்தில் மனைவி செல்லம்மாளின் ஊரில் ஈராண்டு இருந்த பாரதியார்கூட, தம் எழுத்துக்களை அச்சேற்ற அங்கிருந்து எத்தனையோ கடிதம் எழுதிப் பார்த்துவிட்டு, 1920இல் சென்னைக்கே திரும்பிச் சுதேசமித்திரனில் அமர்ந்தார் என்பதும் இந்தச் சாலையில் போகும்போதெல்லாம் எனக்கு நினைவுக்கு வருகிறது.

என் நண்பரின் பக்கத்து வீட்டுப் பையன் பாலிடெக்னிக்கில் டிப்ளமோ முடித்தவன். வெளியூர் நிறுவனம் ஒன்றில் வீட்டிலிருந்தே பயிற்சி வேலை கிடைத்து, நாலு மாதமாகக் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்தான். சந்தேகம் இருந்தால் எழுதிக் கேள் என்றுதான் அவர்கள் சொல்லியிருந்தார்கள்; எதை எழுதிக் கேட்பது என்று தெரிந்தால் அவனுக்குச் சந்தேகமே வந்திருக்காது. ஒருநாள் அவன் தாயார் வந்து, "நீங்க ஒருவாட்டி என்னன்னு கேளுங்கய்யா, சோறே எறங்க மாட்டேங்கு அவனுக்கு" என்று சொல்ல, நண்பர் அவனை மாடிக்கு வரச் சொல்லித் தம் பக்கத்தில் உட்காரவைத்து, வழக்கம்போல வேலை செய் என்றார். திரையில் நாற்பது பிழைச் செய்திகள் வந்தன. பையன் பக்கத்தைக் கீழே தள்ளிக்கொண்டே போய், நாற்பதாவது பிழையைத் திருத்தத் தொடங்கினான். கண்ணுக்கு எதிரே இருப்பது அதுதானே என்று. முதல் பிழையிலேயே ஓர் அடைப்புக்குறி விட்டுப்போயிருந்தது. மீதி முப்பத்தொன்பதும் அதன் பிள்ளைகள். மேலே போ, முதல் வரிக்குப் போ என்று நண்பர் சொன்னார். குறியைப் போட்டதும் திரை வெறுமையாயிற்று. பையன் சிறிது நேரம் ஒன்றும் பேசவில்லை.

இப்போது அந்த மாடி அறையில் நாற்காலி இரண்டு கிடக்கிறது. சாயங்காலம் அவன் படியேறிப் போவதைப் பார்க்கிறவர்கள் அதை டியூஷன் என்று சொல்லிக்கொள்கிறார்கள். அவன் தாயார் மாதம் என்ன தரவேண்டும் என்று இரண்டுமுறை கேட்டுவிட்டார்.